கொள்ளுப்பிட்டியில் கந்தையா

போவதற்குப் பயண அனுமதிப் பாஸும் கப்பலும் வேண்டும், இறங்கிய இடத்தில் வேறு பாஷை கேட்க வேண்டும், எங்கே தங்கப்போகிறாய் என்று பொலிஸுக்குச் சொல்ல வேண்டும் என்றால் அந்த இடத்துக்கு வெளிநாடு என்றுதான் பெயர். அந்த வகையில் நான் போன முதல் வெளிநாடு கொழும்பு. பிறகு கம்பனிச் செலவில் எத்தனையோ விமான நிலையங்களில் கால் கடுக்க நின்றுவிட்டேன். வெள்ளவத்தையில் இறங்கிய அன்று வந்த மலைப்பு வேறெங்கும் வரவில்லை.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நேர்முகப் பரீட்சைக்கென்று வந்தவள் நான். பையில் இரண்டு மாற்றுடுப்பு, சான்றிதழ்கள், அம்மா பொதி செய்து தந்த பயத்தம் பணியாரம். வேலை கிடைக்காது, அடுத்த கப்பலில் திரும்பிவிடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். எல்லோரும் என்றால் அம்மாவும் நானும். அதனால் ஒழுங்காகப் பயணம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. "கப்பலிலை தலையைச் சுத்தினால் தேசிக்காயை மணந்து பார்" என்று அம்மா படலையடியில் நின்று சொன்னார். நான் அந்த எலுமிச்சங்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு சரி என்றேன். அவ்வளவுதான் எங்கள் பிரியாவிடை.

வேலை கிடைத்துவிட்டது. தந்தது உலகத்தில் பாதி நாடுகளில் சவர்க்காரமும் பற்பசையும் விற்கிற ஒரு பெரிய கம்பனி. பட்டதாரிகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, மனேஜராக்கி, நாடு நாடாக அனுப்புவார்கள் என்று சொன்னார்கள். அன்று பின்னேரமே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். கந்தோர்த் தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாக எழுதி, அவசரமென்றால் எங்கேயாவது போன் இருக்கிற இடத்திலிருந்து எடுத்து நிர்மலா என்று கேளுங்கோ என்று கீழே கோடு போட்டேன்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒழுங்கையொன்றில் தங்கம் அன்ரியின் வீட்டு மேல்மாடியில் எனக்கு ஓர் அறை. அன்ரியும் ஊர்க்காரிதான். பிள்ளைகள் கனடாவில். வாடகைக்கு இருக்கிற பெண்களை வளர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. "பிள்ளை, ஐடென்டிட்டி இல்லாமல் வாசல்படி தாண்டப்படாது. கடல்காத்து நல்லாயிருக்கெண்டு பொழுதுபட்டாப்பிறகு பீச்சிலை நிக்கப்படாது. மற்றது, இஞ்சத்தைக் கடைச் சோறு உமக்கு ஒத்துவராது, நான் கட்டித் தருவன்" என்றார். அறையில் சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றியது. ஊரில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பட்டம் பெற்றவள் அந்தச் சுவிட்சைப் போட்டும் நிற்பாட்டியும் பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் காணவில்லை.

வேலையில் சேர்ந்த நாள். அன்ரி கட்டித்தந்த பிட்டும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் ஒரு பார்சல். பஸ்ஸில் ஏறி, சாரதிக்குப் பின்னாலிருந்த தட்டில் அதை வைத்துவிட்டு நின்றேன். பம்பலப்பிட்டியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி அட்டையைக் காட்டிவிட்டு மறுபக்கம் போய் ஏற வேண்டும். யாழ்ப்பாண முகவரி என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். எங்கே வேலை என்றார் அந்த ஆமிக்காரர். நான் கம்பனியின் பெயரைச் சொன்னேன். அங்கேயா, எத்தனை வருடமாக என்றார். இன்றைக்குத்தான் என்றேன். அவருக்கு அது நம்பும்படியாக இல்லை. அவர் நம்பி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. நான் கொள்ளுப்பிட்டிவரை நடந்து, வியர்த்து வடிந்து, என் உத்தியோக வாழ்க்கையைப் பிந்தித் தொடங்கினேன். பிட்டு தனியாகப் புறக்கோட்டைக்குப் பயணம் செய்தது.

அதன் முடிவு மறுநாள் அதே பஸ்ஸில் தெரிந்தது. கொண்டக்டர் என்னைக் கண்டதும், தங்கச்சி முறை வைத்து, சிங்களத்தில் ஆரம்பித்தார். "நங்கி, நேற்று உன்னுடைய பார்சல் எங்களைச் சாகடிக்கப் பார்த்தது. சொந்தக்காரர் இல்லாத பார்சல் என்று யாரோ கத்த, முழுச் சனமும் பாய்ந்து இறங்கி ஓடியது. ஆமிக்காரன் தடியால் குத்திப் பார்த்தால் மாசி." பஸ் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, என் டிக்கட்டைக் கிழித்துத் தந்து, "சம்பல் நல்ல வாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பயணம் முழுவதும் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நின்றேன்.

முதல் நாளுக்கு வருகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாற்சோறு வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் பாலில் பொங்கும் சோற்றுக்குப் புக்கை என்று பெயர், சர்க்கரை போட்டு இனிக்கும். இங்கே அதை டயமன் வடிவில் வெட்டி, மிளகாய்ச் சம்பலோடு தருகிறார்கள். இனிப்பை எதிர்பார்த்து வாயில் வைத்த எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவன் தண்ணீர் எடுத்துத் தந்தான். அவன் பெயர் ரிஸ்வான், மாளிகாவத்தைப் பையன், என்னோடு சேர்ந்த இன்னொரு பயிற்சியாளன்.

பயிற்சிக்குப் பொறுப்பானவர் டேவிட் என்ற வெள்ளைக்காரர். சேர் என்று சொல்லக்கூடாது, இங்கே எல்லோரும் எல்லோரையும் முதற்பெயரால்தான் கூப்பிடுவோம் என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு எங்களைச் சுற்றி உட்காரவைத்து, சிறுவயதில் உங்கள் வீட்டில் என்ன சவர்க்காரம் பாவித்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். என் முறை வந்தது. நான் ஏ.எல். பரீட்சைக்குப் படித்த காலத்தில் ஊருக்குச் சவர்க்காரம் வருவதில்லை. வந்தாலும் நகை விலை. அம்மா பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில்தான் என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தோய்ப்பார். பனம்பழம் என்று உள்ளதைச் சொன்னேன். டேவிட் அதைப் பலகையில் எழுதிவிட்டு, இது எந்தக் கம்பனியின் பொருள், இந்தியாவில் செய்வதா என்று கேட்டார். மரத்திலிருந்து விழுவது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதன்பிறகுதான் கழுத்தில் மாட்டும் அட்டைகளைக் கொடுத்தார்கள். என்னுடைய அட்டையில் ஆங்கிலக் கொட்டை எழுத்தில் கந்தையா என்றிருந்தது.

கந்தையா என் அப்பாவின் பெயர். எங்களில் தகப்பன் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். கந்தையா நிர்மலா. கம்பனியின் ஊழியர் பட்டியல் தயாராவது சிங்கப்பூரில். முன்னால் நிற்பதுதான் சொந்தப் பெயர் என்று அங்கே யாரோ எடுத்துவிட்டார்கள். மேசையில், தொலைபேசிப் பட்டியலில், கதவில் எல்லாம் கந்தையா. டேவிட்டிடம் சொன்னேன். சிங்கப்பூருக்கு எழுதித் திருத்துகிறேன், கொஞ்சம் பொறு என்றார். இரண்டொரு கிழமையில் சரியாகிவிடும் என்று நினைத்து அம்மாவுக்கு இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அன்று பின்னேரம் நடைபாதையில் போகும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ கந்தையா என்று கூப்பிட்டார்கள். நான் என்னை அறியாமல் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை. அப்பா செத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் பஸ் டிப்போவில் நேரங்காப்பாளராக இருந்தவர். டீசல் இல்லாமல் பஸ் ஓடாத காலத்திலும் தினமும் சேட்டுப் போட்டு, மணிக்கூடு கட்டி டிப்போவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒருநாள் நெஞ்சுக்குள் குத்துகிறதென்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் கிடைக்கவில்லை.

"இது ஒங்கட வாப்பாட பேரா?" என்று ரிஸ்வான் கேட்டான். ஓம் என்றேன். "எங்கட வாப்பாட பேரெச் செல்லிக் கூப்பிட்டா நான் எழும்பி நிண்டுடுவன்" என்றான். சொன்னவனும் அட்டையைப் பார்த்து என்னைக் கந்தையா என்றுதான் கூப்பிட்டான். எல்லோரும் அப்படித்தான். தொலைபேசி இணைப்பாளர் சந்திரா காலையில் வாயெல்லாம் சிரிப்பாகக் குட்மோர்னிங் கந்தையா என்பாள். சிங்களத்தி. தமிழ் தெரியாது. நடுவில் ஓர் இழுவை இழுத்துக் 'கண்டாயா' என்று வரும். தேநீர் கொண்டுவருகிறவர், லிப்டில் நிற்கிறவர், டேவிட், எல்லோருக்கும் நான் கண்டாயா. இருபத்துச் சொச்ச வயதுப் பெண்பிள்ளைக்கு இப்படி ஒரு கிழட்டுப் பெயரா என்று தங்கம் அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் சொல்லத்தான் வேண்டும், எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவின் பெயரை யாருமே சொன்னதில்லை. மகள் தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அம்மா சொல்லவே மாட்டார். முகத்துக்கு நேரே 'இஞ்சருங்கோ', பிறத்தியாரிடம் 'பிள்ளையின்ர அப்பா'. கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவார். கூப்பன் சங்கக்கடையில், அரசாங்கக் கச்சேரியில் கேட்டால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி நீட்டுவார். மரணச் சான்றிதழ் எடுக்கப்போன அன்றும் எழுதித்தான் நீட்டினார்.

கிழமைகள் மாதங்களாயின. கடைகளுக்குப் போய்ச் சவர்க்காரம் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்து வரும் வேலை தந்தார்கள். தெமட்டகொடையில் ஒரு கடைக்காரர் என்னைப் பொலிஸ் என்று நினைத்துக் கடையைச் சாத்தினார். பாமன்கடையில் இன்னொருவர் தேநீர் வாங்கித் தந்தார். வெள்ளவத்தையில் மாலையில் காலி வீதியில் நடந்தால் அடிக்கொரு கொமினிக்கேஷன் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று சனங்கள் கனடாவோடும் லண்டனோடும் கத்திக் கதைக்கிறார்கள். பனி கொட்டுதோ, சாப்பிட்டனியோ, எப்ப ஸ்பொன்சர் வரும். உலகத்தில் எந்த மூலைக்கும் அங்கிருந்து கதைக்கலாம். எங்கள் வீட்டுக்குக் கதைக்க முடியாது. அந்தக் கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்துபோகும்போதெல்லாம் எனக்கு அம்மா வேண்டும்போல் இருந்தது. கம்பனி, சம்பளம், சிங்கப்பூர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் குரலை ஒருமுறை கேட்டால் போதும்போல் இருந்தது.

அம்மாவின் கடிதம் வந்தது. பாஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைத்தால் உன் உடுப்புகளைக் கொண்டு வருவேன், கப்பலிலிருந்து திருகோணமலையில் இறங்கியதும் உன் கந்தோருக்குப் போன் எடுப்பேன் என்று எழுதியிருந்தார். பிறகு ஒரு நாள் காலை தங்கம் அன்ரி வாசலில் என்னை மறித்தார். "பிள்ளை, முன்வீட்டுக்கு ஊரிலையிருந்து ஆக்கள் வந்திருக்கினம். உம்மடை அம்மாவும் அதே கப்பலிலை வந்தவவாம். வந்து ரெண்டு நாளாச்சுதாம். கதைச்சவவோ?"

இல்லை. என் அம்மா தனியாக ஒரு பஸ்ஸில் ஏறியது கிடையாது. சிங்களம் தெரியாது. கொழும்பில் யாரையும் தெரியாது. வெள்ளவத்தை முகவரியைக் கடிதத்தின் மேல்மூலையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் கொண்டுவந்தாரோ, தெரியாது. எந்தச் சாவடியில் இறக்கி என்ன கேட்கிறார்களோ, அதுவும் தெரியாது.

கந்தோருக்கு ஓடினேன். எனக்கு ஏதும் போன் வந்ததா என்று சந்திராவிடம் கேட்டேன். அவள் குறிப்பைப் பார்த்துவிட்டு, "இல்லை கந்தையா, உனக்கு ஒரு போனும் வரவில்லை" என்றாள். பத்து நிமிடத்துக்கொருமுறை போய்க் கேட்டேன். வந்தால் உடனே தருகிறேன், போய் இரு என்றாள். நானும் போய் இருந்தேன். அம்மா நிர்மலா என்றல்லவா கேட்பார், சந்திராவின் பட்டியலில் நிர்மலா என்று ஒருத்தி இல்லையே என்ற யோசனை எனக்கு வரவேயில்லை. அவ்வளவு தூரம் நான் கந்தையாவாகிப் போயிருந்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

மத்தியானம் என் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். சந்திரா ஒன்றும் பேசாமல் நேரே இணைத்துவிட்டிருந்தாள். மறுமுனையில் இணைப்புக் கிடைத்தது தெரியாமல் ஒரு பெண்குரல், பரீட்சைக்குப் பாடமாக்குகிற பிள்ளையைப்போல, மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"கந்தையா... கந்தையா..."

இழுவை இல்லை. எங்கள் வீதியில், டிப்போவில், கோயிலில் சொல்கிற அதே கந்தையா. மாதக்கணக்கில் நாளுக்கு நூறுதரம் கேட்டுப் பழகிய பெயர்தான். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அம்மா" என்றேன்.

பாடமாக்கல் நின்றது. பிறகு, "பிள்ளையே?" என்றார்.

"ஓம் அம்மா. எங்கை நிக்கிறியள்?"

"கொட்டாஞ்சேனை. கப்பலிலை என்னோட வந்த மேரியக்காவின்ர தங்கச்சி வீட்டிலை. உன்ர கடிதத்தை ஊரிலை விட்டிட்டு வந்திட்டன், போன் நம்பர் மட்டும்தான் பாடம். திருகோணமலையிலையிருந்தும் எடுத்தனான், நிர்மலா எண்டு ஒருத்தரும் இல்லையெண்டு வைச்சிட்டினம். நேற்று இஞ்சையிருந்து எடுத்தனான், அதுக்கும் இல்லையெண்டினம். இண்டைக்கு அந்தப் பிள்ளை வைக்கேல்லை. தகப்பன்ர பேர் என்னெண்டு இங்கிலீசிலை கேட்டுது." அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார். "போனிலை எழுதிக் காட்டேலாது தானே பிள்ளை."

"அழாதேங்கோ அம்மா. அங்கேயே இருங்கோ. நான் வாறன்."

"நான் அழேல்லை. நீதான் அழுறாய்" என்றார் அம்மா. அதுவும் உண்மைதான்.

டேவிட்டிடம் சொல்லிவிட்டு ஓடிவந்தபோது சந்திரா என்னை நிறுத்தினாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. "நீ காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்ததால், நிர்மலா என்று கேட்டவரை இன்றைக்கு விடாமல் தகப்பன் பெயரைக் கேட்டேன், அவ்வளவு நேரம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன். பிறகு மிக மெல்லச் சொன்னார். பக்கத்தில் இருக்கிற யாரையோ கூப்பிடுகிற மாதிரி" என்றாள் சிங்களத்தில். அம்மா அப்பாவை அப்படி ஒருமுறையும் கூப்பிட்டதில்லை என்று சொல்ல என் சிங்களம் போதவில்லை.

நான் பிடித்த ஆட்டோ புறக்கோட்டையில் பழுதாகி நின்றது. சாரதி புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எஞ்சினைத் திறந்தார். நான் காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன், பிறகு ஓடினேன். வெங்காய மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் கழுத்து அட்டை ஆட ஆட ஒரு பெண் ஓடினால் அந்தக் காலத்தில் எல்லோரும் ஒதுங்கிப் பார்ப்பார்கள். ஒரு சாவடியில் மறித்தார்கள். அம்மா வந்திருக்கிறா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அங்கே நின்ற பையன் என் அடையாள அட்டையைக்கூட வாங்கிப் பார்க்காமல் போ என்று கையைக் காட்டினான்.

கொட்டாஞ்சேனையில், போனில் கேட்டு எழுதிய விலாசத்தில், கோயிலும் மாதா சுரூபமும் அடுத்தடுத்து இருக்கிற ஒரு சந்து. ஒரு வீட்டு வாசலில் அம்மா கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். தலையை இழுத்துச் சீவி, மடியில் பையை வைத்து, யாரும் இப்போது எழும்பச் சொன்னால் எழும்பிவிடத் தயாராக. மெலிந்துபோயிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. என் கழுத்திலிருந்த அட்டையைத்தான் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டார்.

"இதைப் போட்டுக்கொண்டே ரோட்டாலை வந்தனீ?"

"ஓம்."

"எல்லாரும் இப்பிடியே கூப்பிடினம்?"

"எல்லாரும்தான். வெள்ளைக்காரனும். தேத்தண்ணி கொண்டுவாறவரும்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பையைத் திறந்தார். என் உடுப்புகள். மேலே பினாட்டு, அம்மா காயவைத்த பனங்களி. உடுப்புகளை முகத்தோடு வைத்துப் பார்த்தேன். பனம்பழ வாசம். சந்தையில் இப்போது சவர்க்காரம் கிடைக்கிறதாம். ஆனாலும் அம்மா பழக்கத்தை விடவில்லை. சவர்க்காரக் கம்பனியில் வேலை செய்கிற நான் அந்த உடுப்புகளைக் கன நாளாகத் தோய்க்கவில்லை.

அம்மாவை வெள்ளவத்தைக்குக் கூட்டிவந்தேன். பொலிஸில் பதிந்தோம். தங்கம் அன்ரி கணவாய்க் கறி வைத்தார். பாஸில் எழுதிய நாள்வரைக்கும் அம்மா என்னோடு இருந்தார்.

அவர் வந்த மறுநாள் மத்தியானம் என் மேசைத் தொலைபேசி அடித்தது. "கந்தையா, உன் அம்மா" என்றாள் சந்திரா. பதறிப்போய் எடுத்தேன்.

"என்ன அம்மா?"

"ஒண்டுமில்லை. சாப்பிட்டனியே?"

"சாப்பிட்டனான். நீங்கள் எங்கையிருந்து?"

"சந்திக் கடையிலை. சரி, வைக்கிறன்."

அதற்கடுத்த நாளும் எடுத்தார். அதற்கடுத்த நாளும். மத்தியானமானால் குடையைப் பிடித்துக்கொண்டு காலி வீதிக்கு நடந்துபோய், கனடாக்காரர்களோடு வரிசையில் நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் போய்க் காசைக் கொடுத்துக் கந்தையாவைக் கேட்பார். எனக்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. சாப்பிட்டனியே என்பார். சரி, வைக்கிறன் என்பார். பின்னேரம் வீட்டுக்குப் போனால் அதைப்பற்றி இருவரும் கதைக்க மாட்டோம்.

அந்தக் கிழமையில்தான் சிங்கப்பூரிலிருந்து திருத்தம் வந்தது. நிர்மலா என்று புதிய அட்டை. டேவிட் பெருமையோடு கொண்டுவந்து தந்தார். பின்னேரம் அம்மாவிடம் காட்டினேன். அவர் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, நல்லாயிருக்கு என்றார். கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமல், "அப்ப போனிலை இனி என்னெண்டு கேக்கிறது?" என்றார்.

மறுநாள் புதிய அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். பழையதையே மாட்டிக்கொண்டு டேவிட்டிடம் போய், இப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் காரணம் கேட்டார். பழகிவிட்டது என்றேன்.

அம்மா திரும்பிப் போனார். இந்தமுறை ஒழுங்காகப் பயணம் சொன்னோம். கட்டிப்பிடித்தோம், எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லாதது. தேசிக்காய் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை மத்தியானம் சந்திரா தன் இடத்தைவிட்டு எழும்பி என் மேசைக்கு வந்தாள்.

"இன்றைக்கு அம்மா எடுக்கவில்லையே."

"ஊருக்குப் போய்விட்டா."

"அங்கே போன் இல்லையா?"

"இல்லை."

அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். அவள் போய் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்த நேரத்தில் என் தொலைபேசி அடித்தது.

"கந்தையா" என்றாள். நடுவில் இழுக்கவில்லை. அம்மா சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாள். பிறகு, அம்மா கேட்பதையும் கேட்டிருப்பாள் போலும், தனக்குத் தெரியாத தமிழில் தட்டித் தடவி, "சாப்பிட்டனியே?" என்றாள்.

சாப்பிட்டனான் என்றேன்.